தாண்டிப் போகும் ஊரில் தங்குவது
நிதானப் பயணம் – பகுதி 6

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள பயண முகவர்களிடம் கிடைக்கும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சென்னையில் இறங்கி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமேஸ்வரம் என எட்டு நாளில் ஒன்பது ஊர் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும். இந்த வரிசையில் நாகப்பட்டினம் அநேகமாக இருக்காது. வேளாங்கண்ணியும் நாகூரும் சேர்ந்த பட்டியல் என்றால், இரண்டுக்கும் நடுவில் வேன் சன்னலில் சில நிமிடம் தெரிந்து மறையும். ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கடலோரத்தில் நிதானமாக இருந்துவிட்டு வர நினைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டிய ஊர் அதுதான் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம். அந்த ஊரில் அறை எடுத்து, அதன் சுற்றுவட்டாரத்தோடு பயணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள மற்ற ஊர்களை இந்த ஒருமுறை துணிந்து விட்டுவிட வேண்டும்.

முதலில் தூரக் கணக்கு. மேலே சொன்ன ஒன்பது ஊர்களையும் சுற்றி விமான நிலையம் திரும்பினால் சாலைத் தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. கிள்ளானிலிருந்து ஈப்போ இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்கு முன் சேர்ந்துவிடலாம். அந்தக் கணக்கைக் காவிரிப் படுகைக்குக் கொண்டுபோனால் ஏமாற்றம்தான். அங்கே சாலை ஊர்களின் நடுவே போகிறது. கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், இரயில்வே கேட், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் அதே சாலையில்தான். இதற்கு மேல் கோயில் நேரம். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்று போட்ட திட்டத்தில், விடியுமுன் எழுந்து ஒரு கோயில், உச்சி வெயிலில் சாலை, மாலையில் இன்னொரு கோயில், இரவில் புதிய ஊரில் பெட்டிகளை இறக்குவது என்றுதான் நாள் அமையும். மூன்றாம் நாளில் வயதானவர்கள் வேனிலேயே இருந்துகொள்கிறோம் என்று சொல்லத் தொடங்குவதற்கு அவர்களின் முழங்காலை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தத் திட்டத்தை யார் நடத்தினாலும் விளைவு இதுவாகத்தான் இருக்கும்.

களைப்பைக் குறைக்க வேண்டுமானால் அறை மாற்றுவதைக் குறைக்க வேண்டும். நாகப்பட்டினம் அதற்கு வாகான ஊர். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு; ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். இந்திய இ-விசாவைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சியிலேயே இறங்கலாம். அங்கிருந்து நாகப்பட்டினம் 140 கிலோமீட்டர் அளவில். தஞ்சாவூர், திருவாரூர் வழியாக இரயிலும் போகிறது. சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த ஞாயிறு திரும்பும் குடும்பத்துக்கு ஐந்து வேலை நாள் விடுப்பு போதும். முதல் இரவு திருச்சி அல்லது தஞ்சாவூர், நடுவில் ஆறு இரவு நாகப்பட்டினம், கடைசி இரவு மீண்டும் திருச்சி. அந்த ஆறு நாளில் எட்டிப் பார்க்க வேண்டியவை யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாகூர் ஆறு கிலோமீட்டர்கூட இராது. வேளாங்கண்ணி சுமார் பன்னிரண்டு. சிக்கல் சிங்காரவேலர் கோயில் ஊரை ஒட்டினாற்போல். வடக்கே காரைக்கால், அதைத் தாண்டித் தரங்கம்பாடி. முப்பது சொச்சம் கிலோமீட்டர். காலையில் ஓரிடம், மதியம் அறைக்குத் திரும்பி மீன் குழம்புச் சோறு, ஒரு தூக்கம், மாலையில் கடற்கரை அல்லது கோயில் என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம். நடை சாத்தும் நேரம் இங்கே இடைஞ்சலாகாது, ஓய்வு நேரமாகிவிடும்.

இப்படி வசதியான தூரத்தில் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் நம்மோடு கணக்குத் தீராத ஊர் இதுதான். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் ஆள் தேவைப்பட்ட காலத்தில், 1907இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. தோட்டத் துரைமார்கள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளர்களின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. கிராமங்களில் கங்காணிகள் திரட்டிய ஆட்கள் கப்பலுக்காகக் காத்திருக்க இரண்டு முகாம்கள் இருந்தன: ஒன்று சென்னைக்கு அருகே ஆவடி, மற்றொன்று நாகப்பட்டினத்தை ஒட்டிய பாப்பாகோவில். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம் எப்படியோ, மலாயாவுக்குப் போனவர்களுக்கு இவை அப்படி. அங்கே மருத்துவச் சோதனை, அம்மை குத்துதல், பெயர்ப் பதிவு. கப்பல் வந்ததும் ஏற்றம். இக்கரையில் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மறுபடி தனிமைப்படுத்தல். 1901இல் திறக்கப்பட்ட அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம். 1938இல் இந்திய அரசு உதவித்தொகைக் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்த வழி ஓடிக்கொண்டிருந்தது. பிறகும் சொந்தச் செலவில் போய்வந்தவர்களைக் கப்பல்கள் சுமந்தன. 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ராஜுலா அவற்றில் நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட பெயர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது.

நாகப்பட்டினம் நம் கண்ணிலிருந்து மறைந்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ராஜுலா 1973இல் ஓய்வு பெற்றது. அதன் பின் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதோடு பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. விமானம் சென்னையில் இறங்கியதால் தமிழ்நாட்டின் வாசல் சென்னை என்று ஆனது. பயணத் திட்டங்கள் அங்கிருந்து தொடங்கின. சென்னையிலிருந்து பார்த்தால் நாகப்பட்டினம் முந்நூறு கிலோமீட்டர் தெற்கே ஒதுங்கிய மூலை. திருச்சியிலிருந்து பார்த்தாலோ, காவிரி எந்தப் பக்கம் கடலுக்குப் போகிறதோ அந்தப் பக்கத்தில் வழியின் முடிவில் இருக்கும் ஊர். திருச்சி விமானங்கள் பெருகிய பிறகும் பழைய பட்டியல்களையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

கப்பல் காலத்துக்கும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் முந்தைய உறவு ஒன்றும் உண்டு. இராசராச சோழன் காலத்தில், 1006ஆம் ஆண்டு வாக்கில், கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார்கள். அதன் பராமரிப்புக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழன் அளித்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. இருபதாண்டு கழியுமுன் இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தான். கடாரம் கெடா. பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளைப் பார்க்க மெர்போக் அருங்காட்சியகம்வரை கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அந்த வணிகப் பாதையின் மறுமுனையை அவர்களுக்குக் காட்ட யாரும் நினைப்பதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கும் படமாகப் பார்த்தவர்களுக்கும் சூடாமணி விகாரை என்ற பெயர் தெரியும். அது நம் கரையைச் சேர்ந்த அரசன் எடுத்த கட்டடம் என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: அந்த விகாரை இன்று இல்லை. கடைசியாக எஞ்சி நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் அங்கே தோண்டி எடுக்கப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூறுக்கு மேல். அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம். பாப்பாகோவில் முகாமைத் தேடிப் போனாலும் அன்றைய காட்சி கண்முன் நிற்காது. ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்பதுதான் நாகப்பட்டினத்துக்கு எதிராக முதலில் வரும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. வேனை விட்டு இறங்கி, படம் எடுத்து, மீண்டும் ஏறுவதற்குத் தோதான பொருள்கள் அங்கே குறைவுதான். ஆனால் மறுப்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது இரண்டு மணி நேரப் பார்வையாளரை. ஆறு நாள் தங்குகிறவருக்கு ஊர் வேறு விதமாகக் கிடைக்கும். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து சேரும்போது நடக்கும் ஏலம் ஒரு பெரிய காட்சி. நாம் தெங்கிரி என்று வாங்கும் வஞ்சிரத்தையும் இறாலையும் பெட்டி பெட்டியாக இறக்கி விலை கூறுவார்கள். ஊருக்குள் காயாரோகணர், நீலாயதாட்சி கோயில். திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராஜப் பெருமாள் கோயில். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாளை வணங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்நிதி அந்நியமாக இராது. டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து, பின்னர் தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக ஆக்கிய ஊர் இது. 1781இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மாலை வேளையில் நாகூர்த் தெருக்களில் இறால் வைத்துப் பொரித்த வாடா சூடாகக் கிடைக்கும்.

நாகூரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா அது. ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் கரை தாண்டியபோது அந்த நினைவையும் எடுத்துச் சென்றார்கள். பினாங்கு சூலியா தெருவிலும் சிங்கப்பூர் தெலுக் ஆயரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகூர் தர்கா பெயரிலேயே நினைவிடங்கள் எழுந்தன. தரங்கம்பாடிக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் உள்ள தொடர்பு இதைவிட நெருக்கமானது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையால் 1620இல் டேனியர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706 சூலையில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதம் செய்யப் பக்கத்துப் பொறையாறில் பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். அவர் எழுப்பிய 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. அந்தத் திருச்சபை வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மலாயாவுக்குக் குடிபெயர்ந்து உருவாக்கியதே இங்குள்ள லூத்தரன் திருச்சபை. பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் சீயோன் லூத்தரன் ஆலயம் அந்த மரபைச் சேர்ந்தது. மாதா பக்தர்களுக்கு வேளாங்கண்ணியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையிலிருந்து அரை மணி, ஒரு மணி நேர தூரத்தில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்துவ மலேசியத் தமிழர் அனைவருக்கும் சொந்தம் கொண்டாட இடமுள்ள கடற்கரை வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது மறுப்பு வசதி பற்றியது. நாகப்பட்டினத்தில் கடற்கரை உல்லாச விடுதிகளை எதிர்பார்த்துப் போகக்கூடாது. லங்காவி, போர்ட் டிக்சன் நினைப்போடு போகிறவர்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும். குளிப்பதற்கேற்ற அமைதியான கடல் இல்லை; அலையும் இழுப்பும் வலுவானவை, பிள்ளைகளைக் காலை நனைப்பதோடு நிறுத்த வேண்டும். நடுத்தர விடுதிகள் நாகப்பட்டினத்தில் இருக்கின்றன. வேளாங்கண்ணியில் எல்லா விலைக்கும் அறைகள் நிறைய. சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள் ஓரிரு இரவைத் தரங்கம்பாடியில் கழிக்கலாம். கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று அங்கே விடுதியாக்கப்பட்டிருக்கிறது. கோட்டையும் தேவாலயங்களும் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருப்பதால் அந்த ஊருக்கு வண்டியே தேவைப்படாது. தமிழ்நாட்டில் அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதால் தரங்கம்பாடிக்கு வேறு நாளை ஒதுக்குவது நல்லது.

மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன். ‘எங்கள் பாட்டனார் சேலத்துக்காரர், நாமக்கல்காரர், திருச்சிக்காரர், நாகப்பட்டினத்துக்கும் எங்களுக்கும் என்ன?’ தோட்டத்துக்கு வந்தவர்கள் பல மாவட்டத்தவர் என்பது சரிதான். சொந்தக் கிராமம் தெரிந்து, அங்கே உறவும் தொடர்பும் இருக்கிறவர்கள் அந்தக் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் மூன்றாம் நான்காம் தலைமுறையில் கிராமத்தின் பெயரே மறந்துபோன குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். மாவட்டம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அவர்களுக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் புறப்பட்ட துறைமுகம் மட்டுமே. நாகப்பட்டினம் அல்லது சென்னை. சென்னைத் துறைமுகம் ஒரு பெருநகரத்தின் சந்தடிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. நாகப்பட்டினத்தில் கரையும் கலங்கரை விளக்கமும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். ஊரைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புவதைவிட, தெரிந்த இடத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பயனுள்ளது. யாழ்ப்பாணத்து வழிவந்த பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கோ வேறொரு காரணம் கிடைத்திருக்கிறது: 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் நிலையைப் பொறுத்தது என்பதால் அதை நம்பித் திட்டம் போடாமல், ஓடினால் போகலாம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

துணிமணி வாங்குவது, பெற்றோரின் கோயில் ஆசை இவையும் எழும். கல்யாணப் பட்டு வேண்டுமென்றால் கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் நெசவாளர் ஊர் அரை நாள் வேலை. அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மற்றவை திருச்சிக் கடைவீதியில் கடைசி நாளில் முடிந்துவிடும். மதுரையும் இராமேஸ்வரமும் பார்க்காமல் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால், அதற்கென்றே இன்னொரு முறை போவதே சரி. ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதால்தான் எதிலும் மனம் நிற்பதில்லை. செலவு பற்றி ஒரு வார்த்தை: ஒரே விடுதியில் ஆறு இரவு என்று பேசினால் வாடகை குறைய வாய்ப்புண்டு, தினமும் நாள் முழுக்க வேன் வேண்டியதில்லை. விட்டுவிட்ட ஊர்கள் நட்டம் என்று நினைக்கிறவர்கள் இந்த மிச்சத்தையும் எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாதத் தேர்வில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இந்த ஆண்டு, 2026 முதல், நம் பள்ளி ஆண்டு மீண்டும் சனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பருக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலோ அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. புயல்களும் அந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஏப்ரல் முதல் சூன்வரை வெயில் கடுமை. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு, துறைமுகம் ஓய்ந்திருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் இலட்சக்கணக்கில் கூட்டம். நாகூர் கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுக்காண்டு தேதி மாறும்; கேட்டுக்கொண்டு, விழாவைப் பார்க்க விரும்பினால் ஒழிய அந்தப் பதினான்கு நாட்களைத் தவிர்க்கலாம். மிஞ்சுவது சனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை. மழை ஓய்ந்து வெயில் ஏறாத அந்த வாரங்களில் கோடிக்கரையில் பூநாரைகளும் இருக்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும் என்றாலும், 1930இல் இராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யத்தோடு சேர்த்து ஒரு முழு நாளை அதற்குக் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்தக் காலம் சிரமம்தான். அவர்கள் சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி விடுப்பை நீட்டிக்கொள்ள முயலலாம். பள்ளிக் கவலையற்றவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

கடைசியாக வரும் கேள்வி மற்றவற்றைவிடக் கனமானது. கங்காணிகளின் பேச்சை நம்பி வந்து, முகாமில் அடைபட்டு, கப்பலின் மேல்தட்டில் கடல் கடந்தவர்கள் புறப்பட்ட கரை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம். அங்கே போய் ஓய்வெடுப்பது தகுமா? ஓய்வு என்பது கூத்தும் கும்மாளமும்தான் என்று வைத்துக்கொண்டால் தகாது. நான் கேட்பது நேரம் ஒதுக்குவதை. தொழிலாளர்களுக்கு அந்த ஊரைப் பார்க்கும் சுதந்திரம் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இருந்தும் வேனில் தாண்டிப் போகிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் புறப்பட்ட கொல்கத்தாவின் கிதர்பூர்த் துறையில் 2011இல் நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது. அவர்கள் போய் இறங்கிய மொரிஷியஸின் அப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வம்சாவளியினர் மீண்டும் மீண்டும் வந்து கேட்டதும் எழுதியதும் அவற்றின் பின்னால் இருக்கின்றன. நாகப்பட்டினத்துக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நம்மில் மிகச் சிலரே அதைக் கேட்டிருக்கிறோம். ஊரில் நாலைந்து நாள் இருக்கிற மலேசியக் குடும்பம் ஒன்று, பாப்பாகோவில் முகாம் எங்கே இருந்தது என்று விடுதிக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் துறைமுகத்தில் வலை பின்னும் பெரியவரிடமும் கேட்கட்டும். அடுத்த ஆண்டு இன்னொரு குடும்பம் அதே கேள்வியோடு வரட்டும். பயண முகவரிடம் திருச்சி டிக்கெட் கேட்கும்போதே, நாகப்பட்டினத்தில் ஆறு இரவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லை என்பார். விடுதியின் தொலைபேசி எண்ணைத் தேடி நீங்களே அழைத்துப் பதிவுசெய்துகொள்ளலாம்.